அறுபத்தைந்துக்கு மேல்

காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். ஆறு பத்துக்கு நின்றுவிடும். மாரிக்கண்ணன் ஐந்து இருபதுக்கு எழுந்து, பாயைச் சுருட்டிப் பரணில் வைத்து, சந்துக் குழாயில் பிளாஸ்டிக் பைப்பைச் சொருகி, மறுமுனையை மோரியில் இருக்கும் நீல டிரம்முக்குள் விடுவான். மோரி என்பது அறையின் மூலையில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் கட்டிய இடம். குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அங்கேதான். டிரம் நிறைய இருபது நிமிடம் ஆகும். அதற்குள் டீ போட்டுவிடலாம். முன்பு மூன்று தம்ளர். இப்போது இரண்டு.

அவன் டீ போடும்போது மாமியார் முருகம்மாள் வாசலில் குந்தியிருந்து மிஷ்ரி தேய்ப்பாள். வறுத்துக் கருக்கிய புகையிலைத் தூள். கல்யாணமாகி தாராவிக்கு வந்த வருஷம் பக்கத்து அறை மராத்திக்காரி பல்வலிக்கு என்று கொடுத்துப் பழக்கியது. நாற்பத்தாறு வருஷமாக விடவில்லை. வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்காருவாள்.

"டீ ஆறுது, அத்தை."

"ஆறட்டும் மருமவனே. வாய்க்குச் சூடு ஆவ மாட்டேங்கு."

அவ்வளவுதான் பேச்சு. ஏழு மணிக்கு அவள் முறுக்குக் கம்பெனிக்குப் போவாள். எட்டரைக்கு அவன் ஆபீசுக்குக் கிளம்புவான். கதவைப் பூட்டும் முன் மிக்சி சுவிட்சை அணைத்தாயிற்றா என்று ஒரு முறை பார்ப்பான். அது அவன் மனைவி இசக்கிசெல்வியின் பழக்கம்.

இசக்கிசெல்வி போய் எட்டு மாதம். ஆகஸ்ட் மழையில் முழங்கால் தண்ணீரில் நாலு நாள் வேலைக்கு நடந்தாள். எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். வயது இருபத்தெட்டு.

இழவு வீட்டில் பெண்கள் எல்லோரும் கேட்டது ஒன்றேதான். கடைசியில் அவன்தானே பக்கத்தில் இருந்தான், அவள் என்ன சொன்னாள்? முருகம்மாளும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னான்: "அம்மாவ அழ வேண்டாம்னு சொல்லச் சொன்னா."

செல்வி அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னது வேறு. சாதாரணப் பேச்சு. அத்தனை பேர் நடுவில் எடுத்துச் சொல்லும்படி அதில் ஒன்றும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. ஆனால் முருகம்மாள் அன்றைக்கு அழுகையை நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. முறுக்குக் கம்பெனியில் புதிதாக வருகிறவர்களிடம்கூடச் சொல்வாள். "எம் மவ சாவுறப்பவும் என்ன நெனச்சால்லா செத்தா."

அறை, சந்துக்காரர்கள் பேச்சில் 'கோலி', முருகம்மாளுடையது. மாரிக்கண்ணனின் அப்பா அம்மா நவி மும்பை நெருளில் அண்ணனோடு இருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அங்கே போய்விடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் போகவில்லை. யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஐந்து இருபதுக்கு எழுந்து பைப்பைச் சொருகினான்.

*

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவு மூட்டையை இறக்கித் தர முறுக்குக் கம்பெனிக்குப் போனான். கம்பெனி என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. இரண்டு அடுப்பு, ஏழு பெண்கள். ஓமமும் எள்ளும் வறுபடும் வாசனை தெருமுனைக்கே வந்துவிடும். வெயிலும் அடுப்பும் சேர்ந்து உள்ளே நிற்க முடியாது. பெண்கள் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதம் பார்ப்பது முருகம்மாளின் வேலை. ஒவ்வொரு ஈடு எடுத்ததும் ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த ஈடு எண்ணெயில் விழும். முப்பது வருஷமாக அவள் பல்தான் அந்தக் கம்பெனிக்குத் தராசு.

எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து முப்பிடாதியம்மாள் கூப்பிட்டாள். முருகம்மாளுக்கு எதிர் அறைக்காரி, ஒரே ஊர்க்காரி.

"வாங்க மருமவனே. ஒங்க மாமியாளுக்குப் பவுசு வந்துட்டு, தெரியுமா? முறுக்க வாயில வைக்க மாட்டாளாம். காதாலதான் திங்கா."

"ஏட்டி, சட்டியப் பாரு. தீயுது."

"சட்டி தீயல. சொன்ன ஒடனே ஒனக்குத்தான் தீயுது."

பெண்கள் சிரித்தார்கள். முருகம்மாள் யாரையும் பார்க்காமல் ஒரு முறுக்கை எடுத்துக் காதருகே வைத்து ஒடித்தாள். சத்தத்தைக் கேட்டாள். "செத்த நேரம் கெடக்கட்டும்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். இன்னும் அரை நிமிடம் வேகவேண்டிய ஈடுதான்.

மாரிக்கண்ணன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"ஏன் கடிக்க மாட்டேங்கிய?"

"பல்லு கூசுது. அறுவத்தெட்டு வயசுல பல்லு கூசாம பாட்டா பாடும்?"

"வாயத் தொறங்க."

"இங்கன வச்சா? இத்தன பொம்பளைய நடுவுலயா? நீங்க என்ன பல் டாக்டரா?"

"தொற, தாயி. மருமவன் கேக்காருல்லா" என்றாள் முப்பிடாதியம்மாள். "எங்களுக்குத் தெரியாம உள்ள தங்கப் பல்லு கெட்டி வச்சிருக்கியோ என்னவோ."

முருகம்மாள் திறந்தாள். முழுதாகத் திறக்க வரவில்லை, இரண்டு விரல் நுழையும் அளவுதான். அவன் போன் விளக்கை அடித்துப் பார்த்தான். இடது கன்னத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளை. நடுவில் கடலைப் பருப்பளவுக்குச் சிவந்த குழி.

அவன் வேலை புற்றுநோய்ப் பதிவு அலுவலகத்தில். ஆஸ்பத்திரிக் காகிதங்களிலிருந்து நோய் வந்த இடத்தைப் பார்த்து அதற்கான எண்ணைக் கணினியில் ஏற்றுவது. பிறகு வார்டு ஆபீஸ் இறப்புப் பதிவேட்டில் அந்தப் பெயர் வந்திருக்கிறதா என்று தேடுவது. கன்னத்தின் உள்பக்கத்துக்கு எண் சி-06.0. ஆறு வருஷத்தில் நூற்றுக்கணக்கான முறை தட்டியிருப்பான். அந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

விளக்கை அணைத்தான்.

"தங்கப் பல்லு இருக்கா?" என்று கேட்டாள் முப்பிடாதியம்மாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். சதைத் துணுக்கைச் சோதித்து வந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே ஹிந்தியில் கேட்டாள்: "ஒரு பக்கமாகவே மெல்லுவது எத்தனை நாளாக?"

மாரிக்கண்ணன் தமிழில் கேட்டான். முருகம்மாள், "ரெண்டு மாசம் இருக்கும்னு சொல்லுங்க" என்றாள்.

அவன் டாக்டரிடம், "எட்டு மாதம். அதற்கு மேலும் இருக்கலாம்" என்றான்.

முருகம்மாளுக்கு ஹிந்தி நன்றாகவே தெரியும். அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் சொன்னது இவ்வளவு: இரண்டாம் கட்டம். கழுத்துக்கு இன்னும் இறங்கவில்லை. கன்னத்தின் உள்சதையை வெட்டியெடுத்து, முன்கைத் தோலை எடுத்து வைத்துத் தைக்க வேண்டும். இதயம் நன்றாக இருக்கிறது, சர்க்கரை இல்லை. இப்போது செய்தால் நம்பலாம். தள்ளிப்போட்டால் உத்தரவாதம் இல்லை. இருபத்தெட்டாம் தேதிக்கு ஒரு கட்டில் காலி.

வெளியே வந்ததும் முருகம்மாள் கேட்டாள்: "கையில உள்ள தோல எடுத்து வாயில வைக்காவளா?"

"ஆமா."

"கையில மயிரு இருக்கே மருமவனே. வாய்க்குள்ள மொளச்சா என்ன செய்ய?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை என்று பிறகுதான் தெரிந்தது.

*

மறுநாள் ஆபீசில் பாகீரதி மேடம் அவனைக் கூப்பிட்டாள். மாட்டுங்காக்காரி, பாலக்காட்டுக் குடும்பம், அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவள். மேசையில் முப்பது வருஷத்துப் புற்றுநோய் இறப்பு வீத வரைபடம் விரிந்திருந்தது. வார்டுக்கு ஒரு கோடு. தலைப்பு: 'அறுபத்தைந்துக்கு மேல்.'

"இதைப் பாருங்கோ. எல்லா வார்டுலயும் கோடு ஏறிண்டே வரது. உங்க தாராவிப் பக்கம் மட்டும் படுத்துண்டிருக்கு. பீடி, மிஷ்ரி, புகையிலை எல்லாம் அங்கேதானே ஜாஸ்தி? ஏன் சாக மாட்டேங்கறா உங்க மனுஷா?"

"சாகுறாங்க மேடம். இங்க சாகுறதில்ல."

"அப்படீன்னா?"

"நோய்னு தெரிஞ்சதும் ஊருக்குப் போயிடுவாங்க. சாவு அங்க எழுதுவாங்க. இல்லன்னா எழுதவே மாட்டாங்க. நம்ம ஃபைல்ல 'தொடர்பில் இல்லை'ன்னு இருக்கும்."

பாகீரதி கண்ணாடியைக் கழற்றினாள். "எத்தனை பேர் இருப்பா?"

"எங்க சந்துலயே எனக்குத் தெரிஞ்சு பதினோரு பேர். எல்லாரும் அறுபத்தஞ்சு தாண்டினவங்க. எங்க மாமனாரும்."

"எங்காத்துல மட்டும் என்ன வாழ்ந்தது? என் மாமியாருக்குக் குடல்ல கட்டி. எழுதினது என்ன தெரியுமோ? முதுமை. அந்தக் காலத்துல பாதிப் பேருக்கு அப்படித்தான் எழுதினா. இப்போ கோடு ஏறறதே, அதுல நோய் எவ்வளவு, நாம பேரைச் சொல்ல ஆரம்பிச்சது எவ்வளவுன்னு முப்பது வருஷமா இதையே பார்த்துண்டிருக்கற எனக்கே பிரிக்கத் தெரியலை." கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "சின்னவாளுக்குன்னா ஓடறோம். அறுபத்தஞ்சு தாண்டிட்டா, வயசாயிடுத்தேன்னுடறோம். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதிப் பேர் போயிடறா."

அவன் லீவு விண்ணப்பத்தை நீட்டினான். இருபத்தெட்டாம் தேதியிலிருந்து மூன்று வாரம். காரணத்தைப் படித்துவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள். "ஆஸ்பத்திரிக்கு வருவாரோ மாமியார்?" என்றாள்.

அவன் தன் மேசைக்குப் போய் அடுத்த ஃபைலை எடுத்தான்.

*

வெள்ளிக்கிழமை மாலை ராஜபாண்டி தாணேயிலிருந்து வந்தான். முருகம்மாளின் மூத்த மகன், கூரியர் கிடங்கில் மேற்பார்வை. ஒரு கிலோ திராட்சையும் சட்டைப் பையில் டிக்கெட்டும் கொண்டுவந்தான். இருபத்தேழாம் தேதி தாதரிலிருந்து திருநெல்வேலி வண்டி. போக இரண்டு, வர ஒன்று.

சந்துக்காரர்களுக்கு டிக்கெட்டை எண்ணினாலே போதும். வர ஒன்று குறைந்தால் அந்த ஆள் திரும்பப் போவதில்லை. அப்படிப் போகிறவர்களை யாரும் 'போயிட்டு வா' என்று சொல்லி அனுப்புவதில்லை. 'பாத்துப் போ' என்பார்கள். மறுநாள் காலையிலேயே முப்பிடாதியம்மாள் ஒரு புதுச் சேலையோடு வந்து முருகம்மாள் மடியில் வைத்துவிட்டுப் போனாள். கேலி பேசவில்லை. அதுதான் மாரிக்கண்ணனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

டிக்கெட்டைக் காட்டிய அன்று ராஜபாண்டி அவனை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னான்.

"மாப்ள, தப்பா எடுக்காதிய. அம்மைக்கு வயசாயிட்டு. இனிமே வெட்டி ஒட்டி அவளச் சித்ரவதை பண்ணணுமா? அப்பா ஊருக்குத்தான போனாரு? பெரியம்ம வீட்டுல காத்தாடக் கெடப்பா."

"மச்சான், மாமாவுக்கு அங்க வைத்தியம் பாத்தீங்களா?"

"பாத்தோம். நாட்டு மருந்து."

"எத்தன நாள் இருந்தாரு?"

ராஜபாண்டி நடைபாதையில் தக்காளி விற்பவனையே பார்த்துக்கொண்டு நின்றான். "கடைசி ஒரு மாசம் தண்ணி எறங்கல மாப்ள" என்றான். "நான் லீவு முடிஞ்சுதுன்னு வந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் கூட்டிட்டுப் போவணும்னு சொல்லல. அவதான் போன் பண்ணி டிக்கெட் எடுக்கச் சொன்னா. அவள நீங்க மாத்துங்க. மாறினா, நான் ஆஸ்பத்திரியில வந்து படுத்துக்கிடுதேன்."

அன்று இரவுச் சாப்பாடு ரசமும் குழைந்த சோறும் பொரித்த அப்பளமும். முருகம்மாள் அப்பளத்தை ரசத்தில் ஊறவைத்துத் தின்றாள். அவன் முறுக்கு கட்டி வந்த காகிதத்தை விரித்து, பேனாவால் அந்தக் கோடுகளைப் போட்டுக் காட்டினான்.

"இது மத்த வார்டு. இது நம்ம வார்டு. முப்பது வருஷம்."

"நம்மளது படுத்துக் கெடக்கே. நல்லதுதான?"

"நல்லதில்ல. ஊருக்குப் போனவங்க யாரும் இதுல இல்ல. மாமா இல்ல. எதிர்வீட்டுப் பாண்டி மாமா இல்ல. அவங்க இருந்ததும் போனதும் எங்கயும் இல்ல."

"அப்ப நானும் போனா ஒங்க கோடு ஏறாதுல்லா? ஆபீசுல ஒங்களுக்கு நல்ல பேரு."

"அத்தை."

"கோவப்படாதிய. சும்மா சொன்னேன்." காகிதத்தை மடித்து அவனிடமே கொடுத்தாள். பிறகு குரல் மாறியது. "நான் சொல்லுதத கேளுங்க. ஒங்களுக்கு முப்பத்தியொண்ணு. செத்தவளோட அம்மைய மடியில கட்டிக்கிட்டுக் கெடந்தா எவன் பொண்ணு தருவான்? நான் இங்கன இருக்கமட்டும் நீங்க இந்த மோரியில தண்ணி புடிச்சிட்டேதான் இருப்பிய. இந்தக் கோலிய ஒங்க பேருக்கு எழுதச் சொல்லிட்டேன். ராசபாண்டிக்குச் சம்மதம்."

"எனக்குக் கோலி வேண்டாம்."

"பின்ன என்ன வேணும்?"

அவன் யோசித்துப் பார்த்தான். காலையில் இரண்டு தம்ளர் டீ வேண்டும். எழுந்து தட்டைக் கழுவினான்.

*

இருபத்தேழாம் தேதி காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது. அவன் பைப்பைச் சொருகினான். டீ போட்டான். முருகம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். மிஷ்ரி டப்பாவைத் தொடவில்லை. டாக்டர் சொன்னதற்காக இல்லை, எரிந்தது. பின்னால் கட்டிலடியில் பை தயாராக இருந்தது. மேலே புதுச் சேலை.

"மருமவனே, இங்கன வந்து இரிங்க."

அவன் டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எம் மவ கடைசியாச் சொன்னத நான் மீறல. எட்டு மாசம் ஒரு சொட்டு விடல. வாய் எரியுறப்பக்கூட விடல. நீங்களும் அழாம என்ன வண்டி ஏத்தி விட்டுருங்க. அது போதும்."

டிரம் நிறையும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து போய்ப் பைப்பை எடுக்கவில்லை.

"அத்தை, அவ அப்படிச் சொல்லல."

முருகம்மாள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான்தான் அப்படிச் சொன்னேன். எல்லாரும் கேட்டாங்க. நீங்க என்னையே பாத்துட்டு இருந்தீங்க. அவ சொன்னது கடைசிப் பேச்சு மாதிரியே எனக்குத் தெரியல. வீட்டு விஷயம். வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் மறந்துட்டேன். ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் பொண்ணு எத்தன நாளான்னு கேட்டப்பதான் ஞாபகம் வந்துச்சு. உங்கள ஆகஸ்ட்லயே கூட்டிட்டுப் போயிருக்கணும்."

"பின்ன என்னதான் சொன்னா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, அரைகுறையாகச் சொன்னான்.

முருகம்மாள் அழுதாள். எட்டு மாத அழுகையும் சேர்ந்து வந்தது. எதிர் அறையிலிருந்து முப்பிடாதியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, ரயிலுக்குப் போகிறவள் அழுகிறாள் என்று நினைத்துத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். டிரம் நிறைந்து வழிந்தது. மோரியைத் தாண்டித் தண்ணீர் அறைக்குள் வந்து பையின் அடியைத் தொட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"கள்ளச் சிறுக்கி" என்றாள் முருகம்மாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "அவளுக்குத் தெரியக்கூடாதுன்னுதான அவ அந்தப் பக்கம் திரும்புனப்பெறவு மென்னேன். காய்ச்சல்ல கெடக்கவளுக்குக் கண்ணு என் வாயிலயா?"

"ஆமா."

"ராசபாண்டிக்குப் போன் போடுங்க. டிக்கெட்ட ரத்து பண்ணிட்டு நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. அந்தச் சேலைய எடுத்து மேல வைங்க, நனையப்போவுது. முப்பிடாதிகிட்டத் திருப்பிக் குடுக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு உடுத்திட்டுப் போவேன்."

அவன் எழுந்து பையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தான். பைப்பை டிரம்மிலிருந்து எடுத்தான். திரும்பி வந்தபோது அவள் ஆறிப்போன டீயை வலது பக்கமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மருமவனே. இன்னொருக்கா சொல்லுங்க. கூட்டாம கொறைக்காம. அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே."

இந்த முறை அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சாயங்காலம், அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பேசக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். செல்வி ஆக்சிஜன் மாஸ்க்கைத் தானே ஒரு விரலால் தூக்கிக்கொண்டு, அவனைக் கிட்டே வரச் சொல்லி, மிக்சி சுவிட்சைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"அம்மா கொஞ்ச நாளா ஒரு பக்கமாவே மெல்லுதா. கேட்டா சொல்லமாட்டா. நீங்க வாயத் தொறக்கச் சொல்லிப் பாருங்க."